படுத்த படுக்கையாக

ஏப்ரல் 8, செவ்வாய்

சுவர்க் கடிகாரம் விழுந்து நொறுங்கிவிட்டது. என் மச்சினன் சங்கரலிங்கம் கல்யாணத்துக்குக் கொடுத்தது. நேற்று மாலைப் பூகம்பத்தால் விளைந்த ஒரே நன்மை.

மற்றவை: கூரை ஓடுகளில் பாதி முற்றத்தில் கிடக்கின்றன. மாடிப்படிக்கும் சுவருக்கும் நடுவே என் உள்ளங்கை நுழைகிற அளவுக்கு ஒரு பிளவு. குழாயில் தண்ணீர் இல்லை, அடுப்பில் காஸ் இல்லை. மின்சாரம் காலையில் வந்துவிட்டது. மனைவி செண்பகவல்லிக்கும் மகள் குழலிக்கும் காயமில்லை. எனக்கு முழங்கையில் நல்ல சிராய்ப்பு. யாரும் கேட்கவில்லை.

பிளவைப் பார்த்துவிட்டு இருவரும் உள்ளே வர மறுக்கிறார்கள். நான் விரிசல்களைப் பற்றி ஆய்வு செய்து முனைவர் பட்டம் வாங்கியவன். உலோகம் எந்தப் பாரத்தில், எந்த இடத்தில் விட்டுக்கொடுக்கும் என்று சொல்வதற்குத்தான் ஜப்பானின் இந்தத் தெற்குத் தீவுக்கு என்னை அழைத்துவந்தார்கள். ஒன்பது வருடமாயிற்று. நான் வேலை கற்றுக்கொடுத்த பையன் இப்போது ஆலையில் என் மேலாளர். அது இருக்கட்டும். இந்தப் பிளவு வெறும் பூச்சுப் பிளவு என்று சொன்னேன். மகள் என்னைப் பார்க்கவில்லை, பிளவையே பார்த்தாள்.

ஆலை இயங்குகிறதா என்று செண்பகவல்லி கேட்டாள். நான்தான் மார்ச் கடைசியிலிருந்து விடுப்பில் இருக்கிறேனே என்றேன். வீட்டில் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

ஏப்ரல் 9, புதன்

காலையில் கதவைத் தட்டினார்கள். தெருச் சங்கத் தலைவி ஒகாதா என்கிற அம்மாள். கூடவே எதிர்வீட்டுக் குரோகி.

குரோகியைப் பற்றிச் சொல்லவேண்டும். எழுபதைத் தாண்டியவர், தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். நாலு வருடத்துக்கு முன் நாங்கள் வெளியே வைத்த குப்பைப் பையைத் திருப்பிக் கொண்டுவந்து எங்கள் வாசலிலேயே வைத்துவிட்டு, இடுப்பை வளைத்து வணங்கிவிட்டுப் போனார். பால் வந்த அட்டைப்பெட்டியைக் கழுவாமல் போட்டிருந்தோமாம். பையைப் பிரித்துப் பார்த்திருக்கிறார் என்றுதானே அர்த்தம்? அன்றிலிருந்து அவர் வணக்கம் சொல்லும்போதெல்லாம் நான் கார்ச் சாவியைத் தேடிக்கொண்டிருப்பேன்.

எல்லாரும் நலமா என்றார்கள். நலம் என்று கதவைச் சாத்தினேன். மாலையில் மறுபடி வந்தார்கள். அதே கேள்வி. எதற்கு இந்தக் கண்காணிப்பு?

குழலிதான் விளக்கினாள். அவள் பள்ளிக்கூடத்தில் ஜப்பானியப் பிள்ளைகளோடு வளர்ந்தவள், இந்த ஊர் வழக்கமெல்லாம் அவளுக்குத் தெரியும். பூகம்பம் வந்தால் நலமாக இருக்கிற வீட்டார் வாசலில் ஒரு மஞ்சள் துணியைக் கட்டிவிட வேண்டும். கட்டாத வீட்டில் ஏதோ ஆபத்து என்று எடுத்துக்கொண்டு காலையும் மாலையும் வந்து பார்ப்பார்கள். இரண்டு வருடத்துக்கு முன் ஒத்திகை நடந்தபோது வீட்டுக்கு ஒரு துணி கொடுத்தார்களாம். அந்த ஒத்திகைக்கு நான் போகவில்லை. குரோகி ஒலிபெருக்கி பிடித்துக் கட்டளையிட, ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் போய் வரிசையில் நிற்பதா?

"எங்க ஏளா அந்தத் துணி?" என்று கேட்டேன்.

செண்பகவல்லி வாசலில் நின்றபடியே சாமி அலமாரியைக் காட்டினாள். முருகன் படத்துக்குப் பின்னால் அந்த மஞ்சள் துணி, ஒரு ரூபாய்க் காசு உள்ளே வைத்து இறுக்கி முடியப்பட்டு இருந்தது.

"மஞ்சத் துணி, புதுசா கோடியா கெடந்துச்சு. திருச்செந்தூருக்கு நேந்து முடிஞ்சு வச்சேன்."

"அவுத்து வாசல்ல கட்டு."

"சாமிக்கு முடிஞ்சத நடுவுல அவுக்கதா? வாயக் கழுவுங்க முதல்ல."

வேறு மஞ்சள் துண்டு ஏதாவது கட்டலாமே என்றாள் குழலி. சங்கத்தில் இன்னொன்று கேட்டு வாங்கிவரட்டுமா என்றாள் செண்பகவல்லி. இரண்டும் வேண்டாம் என்றேன். குரோகியிடம் போய்க் கையேந்த வேண்டாம். நம் வீட்டு நிலவரத்தைத் தெருவுக்கு அறிவிக்கவும் வேண்டாம்.

என்ன வேண்டுதல் என்று கேட்டால் சொல்லமாட்டேன் என்கிறாள். எப்போது முடிந்தாய் என்றேன். மார்ச் கடைசியில் என்றாள். மார்ச் கடைசியில் வேண்டிக்கொள்ள இந்த வீட்டில் என்ன இருந்தது? குழலியின் பரீட்சை அதற்கு முன்பே முடிந்துவிட்டது. எனக்குத் தெரியாமல் ஏதோ நடக்கிறது.

ஏப்ரல் 10, வியாழன்

தலைக்கவசம் போட்ட இரண்டு பையன்கள் நகராட்சியிலிருந்து வந்தார்கள். வீட்டை வெளியே ஒரு சுற்றுச் சுற்றினார்கள், படிக்கட்டுப் பிளவுக்குள் விளக்கடித்துப் பார்த்தார்கள், கதவில் ஒரு சிவப்புத் தாளை ஒட்டினார்கள். ஆபத்து, உள்ளே நுழையாதீர். இவ்வளவுதான் ஆய்வு. நான் என் பட்டத்தைச் சொன்னேன். மிக்க நன்றி என்று குனிந்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

இதில் வீட்டுக்காரரின் கை இருக்கிறது. போன வருடமே அவர் இந்த இடத்தைக் கார் நிறுத்துமிடமாக்க வேண்டும் என்று ஜாடை காட்டினார். பூகம்பம் அவருக்கு லாட்டரி. நாம் காலி செய்தால் அவர் செலவில்லாமல் இடித்துக்கொள்வார்.

தாளைக் கிழித்தேன்.

"அந்தப் பையங்களும் படிச்சுத்தான வந்திருப்பாங்க" என்றாள் செண்பகவல்லி.

"நானும் படிச்சவன்தான்."

"நீங்க இரும்புக்குல்லா படிச்சிருக்கீங்க. இது மரவீடு."

பக்கத்தில் குழலி சிரிப்பை அடக்குவதற்காகக் குனிந்து செருப்பைச் சரிசெய்தாள்.

கடைசியில் இப்படி முடிவாயிற்று: தாயும் மகளும் ராத்திரி வாசலில் நிற்கும் காருக்குள் படுத்துக்கொள்வார்கள். பகலில் பள்ளிக்கூடத்து விளையாட்டுக் கூடத்துக்குப் போய்விடுவார்கள், அங்கேதான் ஊரே தங்கியிருக்கிறது. நான் வீட்டில் இருப்பேன். ஒருவராவது இருந்தால்தான் வீடு நம்முடையது.

ஏப்ரல் 11, வெள்ளி

நாள் முழுக்க அதிர்வுகள். அலமாரிக் கதவுகள் பல் நடுங்குவதுபோல் தாளம் போட்டன. படிக்கட்டுப் பிளவில் கையை வைத்துப் பார்த்தேன். இப்போது மணிக்கட்டும் நுழைகிறது. என் கை இளைத்திருக்கிறது.

ஏப்ரல் 12, சனி

செண்பகவல்லி காலையில் நம் பெரிய இட்லிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறாள், பொழுது சாயத்தான் வருகிறாள். உடம்பெல்லாம் வெங்காய வாசனை. கூடத்தில் சமையலுக்கு ஆள் போதவில்லையாம். இவளை அங்கே "வல்லி சான்" என்று மரியாதையாகக் கூப்பிடுகிறார்களாம். சொல்லும்போது முகத்தில் ஒரு பூரிப்பு. ஒன்பது வருடமாக என் மனைவி என்ற மரியாதை இருந்தது, அது போதவில்லை போலிருக்கிறது.

சங்கத்துக்காரர்கள் இப்போது கதவைத் தட்டுவதில்லை. வாசலிலேயே இவளிடம் பேசிவிட்டுப் போய்விடுகிறார்கள். இன்று ஜன்னல் திரைக்குப் பின்னாலிருந்து கவனித்தேன். குரோகி என்னவோ கேட்டார். இவள் அரைகுறை ஜப்பானிய மொழியில், பாதியைக் கையால் சொன்னாள். இரண்டு முறை தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினாள். பிறகு உள்ளங்கையைத் தரையை நோக்கி நீட்டிக் கிடத்துவதுபோல் ஒரு சைகை. குரோகி என் ஜன்னலை நிமிர்ந்து பார்த்தார், வாயைப் பொத்திக்கொண்டார். சிரித்தாரா? திரைக்குப் பின்னால் நகர்ந்துவிட்டேன்.

"என்னளா பேசுனீங்க?"

"சும்மாதான். எப்படி இருக்கீங்கன்னு கேட்டாரு."

"அதுக்கு எதுக்கு இடுப்பத் தொட்ட?"

"இடுப்பு வலிச்சுது, தொட்டேன். அண்டா அண்டாவால்லா கிண்டுதேன்."

இவள் பொய் சொல்லும்போது மூக்குத்தியைத் திருகுவாள். திருகினாள்.

என் ஜப்பானிய மொழி ஆய்வறிக்கைகளுக்கானது. இந்த ஊர்க் கிழவர்கள் பேசுகிற வட்டார வழக்கு எனக்குப் பிடிபடாது. பிடிபடக் கூடாது என்பதற்காகவே அப்படிப் பேசுகிறார்களோ என்று பல சமயம் தோன்றியிருக்கிறது.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. தமிழ்ப் புத்தாண்டு.

வாசலில் ஒரு மூடிபோட்ட மண்கிண்ணம் இருந்தது. குரோகி வைத்துவிட்டுப் போவதைப் பார்த்தேன். நுனிக்காலில் நடந்து வந்தார், நுனிக்காலில் போனார். திறந்தால் கஞ்சி. குழைந்த வெள்ளைக் கஞ்சி, நடுவில் உப்பில் ஊறிய ஒரு சிவப்புக் காய்.

நல்ல நாளும் அதுவுமாகக் கஞ்சி. கூடத்தில் மற்றவர்களுக்குச் சோற்றுருண்டையும் குழம்பும் கொடுக்கிறார்கள், அதை இவளே சமைக்கிறாள். எனக்கு மட்டும் கஞ்சி.

எங்கள் ஊர் சங்கரன்கோவிலில் தறிகள் நின்றுபோன வருடங்களில் கஞ்சித்தொட்டி திறப்பார்கள். தூக்குவாளியோடு ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். எங்கள் வீட்டிலும் தறி நின்றுதான் இருந்தது. ஆனால் அந்தத் தெரு வழியாகப் போகக்கூட அப்பா எங்களை விடமாட்டார். அந்த வீட்டில் பிறந்து, உதவித்தொகையில் படித்து, கடல் கடந்து வந்தவன் வாசலில், பால் அட்டை கழுவத் தெரியாதவன் என்று சொன்ன ஆள் கஞ்சி கொண்டுவந்து வைக்கிறார்.

கொண்டுபோய்ச் செடிக்கடியில் ஊற்றினேன். அந்தக் காயை மட்டும் வாயில் போட்டேன். பல் கூசும் புளிப்பு.

மாலையில் பசித்தது.

ஏப்ரல் 15, செவ்வாய்

இன்றும் கஞ்சி. முட்டை கலக்கியிருந்தது. குடித்தேன். பசியால், நன்றியால் அல்ல.

ஏப்ரல் 16, புதன்

சில குறிப்புகள். பின்னால் தேவைப்படலாம்.

பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் தெருமுனை வரை கத்திக்கொண்டு வருகிறார்கள். எங்கள் வீடு வந்ததும் கூட வரும் பெண் உதட்டில் விரலை வைக்கிறாள். வாயை மூடிக்கொண்டு கடக்கிறார்கள். அடுத்த வீட்டில் மறுபடி கத்தல்.

ஒகாதா அம்மாள் இன்று என் ஜன்னலைப் பார்த்து நின்று, ஆழமாகக் குனிந்து வணங்கினாள். உள்ளே நான் இருப்பது அவளுக்குத் தெரியாது. அல்லது நன்றாகத் தெரியும். சாவு நடந்த வீட்டைக் கடப்பவர்கள் அப்படித்தான் வணங்குவார்கள்.

கஞ்சிக் கிண்ணத்தோடு இன்று புதிதாக, உறை பிரிக்காத ஒரு பிளாஸ்டிக் குடுவை. அகன்ற வாய், வளைந்த கழுத்து, மூடி. தண்ணீர் பிடிக்கவா? இந்த வாயைக் குழாயில் வைக்க முடியாது. பூ வைக்கிற ஜாடியும் இல்லை. ஜன்னலில் நிறுத்திவைத்திருக்கிறேன்.

செண்பகவல்லி சாயங்காலம் காருக்குப் பின்னால் நின்று போன் பேசினாள். மறுமுனையில் என் மச்சினன் என்பதை அவள் குரல் குழைந்த விதத்திலேயே சொல்லிவிடலாம். என் காதில் விழுந்தது: "டிக்கெட்டு போட்டா மட்டும் ஆச்சாண்ணே? அவுக ஒத்துக்கிடணும்லா." நான் செருமினேன். "சரிண்ணே, சாப்பாடு ஆச்சா" என்று பேச்சை மாற்றினாள்.

ஆக, எல்லாம் பொருந்துகிறது. வீட்டுக்காரருக்கு இடம் வேண்டும். தெருவுக்கு நாங்கள் போகவேண்டும். மச்சினனுக்குத் தங்கை திரும்பி வரவேண்டும். இவள் நடுவில் நின்று எல்லாருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கஞ்சியும் வணக்கமும் வழியனுப்பு உபசாரம்.

குடுவை மட்டும்தான் எதிலும் பொருந்தவில்லை.

ஏப்ரல் 18, வெள்ளி

பொருந்திவிட்டது.

உடுப்பு எடுக்க வந்த குழலியை மடக்கி, குடுவையைக் கையில் கொடுத்து, "ஏட்டி, இது என்னது?" என்றேன். அவள் அதை ஜன்னலில் பார்த்ததும் முகம் சிவந்தாள்.

"ஐயோ அப்பா, இதப் போய் ஜன்னல்லயா வச்சீங்க? தெருவே பாத்திருக்கும்."

"என்னதுன்னு கேட்டேன்."

"ஒண்ணுக்குப் போறதுக்குப்பா. எந்திரிக்க முடியாதவங்களுக்கு."

"எனக்கு எதுக்கு?"

அவள் கதவைப் பார்த்தாள். கதவில் அவள் அம்மா நின்றிருந்தாள், கையில் கரண்டியோடு. கூடத்திலிருந்து அப்படியே வந்திருக்கிறாள்.

"நான்தான் சொன்னேன்" என்றாள் செண்பகவல்லி. "உங்களுக்கு இடுப்பு போச்சுன்னு. படுத்த படுக்கையா கெடக்கீங்கன்னு."

ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். கஞ்சி, நுனிக்கால், உதட்டில் விரல், வணக்கம். இந்த ஊரில் கஞ்சி நோயாளிக்குக் கொடுப்பதாம். குழலி மெதுவாகச் சொன்னாள். காய்ச்சல்காரர்களுக்கும் கிடையில் கிடப்பவர்களுக்கும் பார்த்துப் பார்த்துக் காய்ச்சுவார்களாம். குரோகி அதைத் தன் வீட்டு முற்றத்தில் விறகு மூட்டிக் காய்ச்சியிருக்கிறார்.

"எதுக்குளா இப்படி ஒரு பொய்?"

"வேற என்ன சொல்ல? காலையில ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ வந்து நிக்காங்க. எல்லாரும் கூடத்துல இருக்காங்க, அவரு ஏன் விழப்போற வீட்டுக்குள்ள இருக்காருன்னு கேக்காங்க. பைத்தியம்னு சொல்லவா? வீம்புன்னு சொல்லவா? ஒட்டுன தாளக் கிழிச்சுட்டு உள்ள உக்காந்துருக்காருன்னு சொல்லவா? இடுப்பு போச்சுன்னா ஒரு மரியாதை இருக்குல்லா."

"இப்பவே தெருவுல இறங்கி நடக்கேன். குரோகி வீட்டு முன்னால நாலு தடவ போயிட்டு வாரேன். எல்லாரும் பாக்கட்டும்."

"நடங்க. யாரு பிடிச்சா?" குரல் உயரவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்காதது. "அங்க எனக்கு வல்லி சான்னு ஒரு பேரு இருக்கு. இந்த ஊருல எனக்குன்னு கெடச்சது அது ஒண்ணுதான். நாளைக்குப் பொய்க்காரின்னு ஆவும். ஆவட்டும். எட்டு நாளா கார்ல காலு நீட்டாமப் படுத்துப் பிள்ளைக்குப் பாதம் வீங்கிப் போச்சு. நாளை ராத்திரியிலருந்து நாங்க கூடத்துலதான் படுப்போம். நீங்க வந்தா மூணு பேரு. வரலன்னா, அண்ணன் டிக்கெட்டு பாத்து வச்சிருக்கான், ரெண்டு பேரு."

"பயமுறுத்துறியா?"

"கேக்கேன். உங்க லீவு எப்ப முடியும்னு நான் ஒரு நாளாவது கேட்டனா? மார்ச்சுலருந்து ஒரு நாளு?"

அது சம்பந்தமில்லாத பேச்சு என்று சொன்னேன். அவள் சாமி அலமாரிப் பக்கம் பார்த்துவிட்டு, கரண்டியை முந்தானையில் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். குழலி பின்னாலேயே போனாள். குடுவையையும் எடுத்துக்கொண்டு போனாள்.

முடிவு செய்துவிட்டேன். நாளைக் காலை குரோகி வாசல் பெருக்க வருவார். தேய்த்த சட்டை, கறுப்பு ஷூ. குப்பை வைக்கிற முனை வரை முதுகை நிமிர்த்தி நடந்துவிட்டுத் திரும்புவேன். என்னை நோயாளியாக்கி ஒரு தெருவே இரக்கப்படுவதை நான் அனுமதிக்க முடியாது. டிக்கெட் விஷயத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அவள் போகமாட்டாள்.

போவாளா?

ஏப்ரல் 20, ஞாயிறு

கூடத்தில் எழுதுகிறேன். இந்த நோட்டைக் குழலி இடிபாட்டிலிருந்து எடுத்து வந்தாள். எதையும் படிக்கவில்லை என்கிறாள். அவளுக்கு மூக்குத்தி இல்லை, கண்டுபிடிக்க வழியில்லை.

நேற்றுக் காலை இரண்டாவது வந்தது. முதலாவதைவிடப் பெரியது. முதலாவதையே எல்லாரும் பெரியது என்று நினைத்து ஏமாந்திருந்தோம்.

சட்டை போட்டு, ஷூ மாட்டி, நாடா கட்டிக்கொண்டிருந்தேன். போனில் பூகம்ப எச்சரிக்கை ஊளையிட்டது. அது ஓய்வதற்குள் தரை எழும்பியது. சாப்பாட்டு மேஜைக்கு அடியில் எப்படிப் போனேன் என்று தெரியாது. படிக்கட்டு சுவரைவிட்டுக் கழன்று, மேலே இருந்த உத்தரத்தையும் இழுத்துக்கொண்டு, நான் தினமும் படுக்கிற இடத்தின்மேல் இறங்கியது. அது பூச்சுப் பிளவு அல்ல. எழுதிவிட்டேன்.

ஆட்டம் நின்றது. மேஜைக்கு அடியிலிருந்து வெளியே வந்து எழுந்து நின்றேன். எங்கும் புழுதி. முன்சுவர் இருந்த இடத்தில் சுவர் இல்லை, தெரு நேராகத் தெரிந்தது. நாலு எட்டு வைத்தால் வெளியே. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை.

அப்போதுதான் குரோகியைப் பார்த்தேன். எங்கள் வெளிச்சுவர் இடிந்து கிடந்த கற்களின் மேல் ஏறி வந்துகொண்டிருந்தார். தோளில் இரண்டு மூங்கில் கழிகளும் ஒரு போர்வையும். பின்னால் அடுத்த தெரு ஆட்கள் இருவர். அவருக்குப் பின்னால் அவர் வீடு தெரிந்தது. கூரை முற்றத்தில் உட்கார்ந்திருந்தது. அவர் மனைவி நடுத்தெருவில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். குழலி பிறகு சொன்னாள், சங்கத்தில் அப்படி ஒரு விதி உண்டாம். எழுந்து ஓட முடியாதவர் எந்த வீட்டில் இருக்கிறாரோ அந்த வீட்டுக்கு முதலில் போகவேண்டும். தன் வீடு அதற்கு அப்புறம்.

அவர்களுக்கும் பின்னால், தண்ணீர் லாரி நிற்கிற முனையிலிருந்து செண்பகவல்லி ஓடி வந்துகொண்டிருந்தாள். காலில் செருப்பு இல்லை. குழலி முன்பே கூடத்துக்குப் போயிருந்தாள். ஒகாதா அம்மாளும் இன்னும் நாலைந்து பெண்களும் கூட ஓடி வந்தார்கள். "வல்லி சான், வல்லி சான்" என்று கத்திக்கொண்டு.

நான் நின்றுகொண்டிருந்தேன். தேய்த்த சட்டையோடு, நிமிர்ந்த முதுகோடு. நேற்றைக்கு முன்தினம் முடிவு செய்தது அப்படியே நடக்கவிருந்தது. அதுவும் தெரு முழுக்கப் பார்க்க.

ஷூவை உதறிவிட்டுப் படுத்தேன்.

ஏன் என்று எழுதிப் பார்த்தேன். இரண்டு வரி எழுதி அடித்துவிட்டேன்.

குரோகி ஷூவோடு வீட்டுக்குள் வந்தார். ஒன்பது வருடத்தில் எந்த ஜப்பானியரும் எந்த வீட்டுக்குள்ளும் ஷூவோடு நுழைந்து நான் பார்த்ததில்லை. என் பக்கத்தில் மண்டியிட்டு, "நாயகம் சான், வலித்தால் சொல்லுங்கள், மெதுவாகத்தான் தூக்குவோம்" என்றார். அது வட்டார வழக்கில்லை. ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. போர்வையில் உருட்டி, கழிகளைச் செருகி, தூக்கினார்கள். நான் கனமான ஆள். தலைமாட்டில் அவர் மூச்சு இழுத்துக்கொண்டு வந்தது. கற்களைத் தாண்டும்போது ஒரு முறை அவர் கால் மடங்கியது, கழியை விடவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன். நோயாளி கண்ணை மூடலாம்.

தெருவில் செண்பகவல்லி வந்து விழுந்தாள். என் கால், முழங்கால், கை எல்லாவற்றையும் தடவிப் பார்த்தாள். எலும்பெல்லாம் சரியாக இருந்தது. என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கழியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். சுற்றி அத்தனை பேர் இருந்தார்கள், ஒருவருக்கும் தமிழ் தெரியாது.

"எந்திரிச்சு நடக்க முடியும்லா?" என்று கேட்டாள்.

"முடியும்."

"பின்ன?"

"பேசாம வா."

பிறகு உரத்த குரலில், எல்லாருக்கும் கேட்கும்படி, ஜப்பானிய மொழியில், மெதுவாக, மெதுவாக, அவருக்கு இடுப்பு, என்று சொல்லிக்கொண்டே வந்தாள். மூக்குத்தியைத் திருகவே இல்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

அட்டைத் தடுப்புக்குள் மூன்று பாய். குழலியின் பாதத்தை நீவிவிடுகிறேன், வீக்கம் இறங்கியிருக்கிறது. யாராவது வந்தால் கையை எடுத்துவிட்டுச் சாய்ந்துகொள்ளச் சொல்கிறாள்.

குணமாவதற்கு ஒரு முறை இருக்கிறது என்று செண்பகவல்லி சொல்கிறாள். முதலில் ஒருக்களித்துப் படுக்கவேண்டும். பிறகு உட்காரவேண்டும். பிறகு கம்பு. திடீரென்று எழுந்து நின்றால் அவள் பெயர் போய்விடும். ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகுதான் கழிப்பறைக்குப் போகிறேன். இல்லாவிட்டால் அந்தக் குடுவை.

ஏப்ரல் 24, வியாழன்

குரோகி தினமும் காலையில் வருகிறார். இடிந்த தன் வீட்டில் பொறுக்கவேண்டியதைப் பொறுக்குவதற்கு முன் இங்கே வந்து, என் காலைப் பிடித்து மடக்கி நீட்டிப் பயிற்சி கொடுக்கிறார். அவர் அப்பா கடைசிக் காலத்தில் கிடையில் கிடந்தாராம், அப்போது கற்றுக்கொண்டதாம். இன்று அவர் கைகளைப் பார்த்தேன். கழி உரசிய இடத்தில் தோல் கிழிந்து காய்ந்திருந்தது.

இன்று ஒரு பையும் கொண்டுவந்தார். உள்ளே என் கறுப்பு ஷூ. புழுதி துடைத்து, பளபளவென்று மெருகு ஏற்றி. அன்று நான் கிடந்த இடத்துக்குப் பக்கத்திலிருந்து எடுத்ததாகச் சொன்னார். நாடா பாதி கட்டியிருந்ததாகவும் சொன்னார். அதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் முழங்காலையே பார்த்துக்கொண்டு, "அவசரமில்லை நாயகம் சான். உடம்பு எப்போது சொல்கிறதோ அப்போது போட்டுக்கொண்டால் போதும்" என்றார்.

இந்த மனிதருக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும். கற்களின் மேல் ஏறி வரும்போதே நான் நின்றிருந்ததைப் பார்த்திருப்பார். தெரிந்துகொண்டுதான் தூக்கினாரா? நான் எழுந்து நடந்திருந்தால் அவர் கைகள் அப்படிக் கிழிந்திருக்காது. ஏன் சொல்லவில்லை? என்ன எதிர்பார்க்கிறார்? மதியம் முழுக்க யோசித்தேன். அவருக்கு என்னிடம் கிடைக்கக்கூடியது எதுவும் இல்லை என்பதுதான் கடைசியில் மிஞ்சுகிறது. அது இன்னும் சந்தேகத்தைக் கிளப்புகிறது.

சாயங்காலம் செண்பகவல்லி போனை எடுத்துக்கொண்டு காருக்குப் பின்னால் போகவில்லை. என் பாயின் ஓரத்திலேயே உட்கார்ந்து அண்ணனோடு பேசினாள். டிக்கெட் எப்போதைக்குப் போடட்டும் என்று அவன் கத்துவது எனக்கே கேட்டது.

"எப்படிண்ணே வர முடியும்?" என்றாள், என் போர்வையை இழுத்துச் சரிசெய்தபடி. "படுத்த படுக்கையா கெடக்க மனுசன விட்டுட்டு?"

போனை வைத்துவிட்டு, நாளைக்கு உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேட்டாள்.

இன்னும் கொஞ்ச நாள் ஆகும் என்று சொல்லியிருக்கிறேன்.